மூன்று இசைக் காலங்களைக் கடந்த பீத்தோவன்

மேற்கத்திய இசை பயிலும் மாணவர்கள் மூன்று பெயர்களை அடிக்கடி கேட்டிருப்பார்கள்: பரோக் காலம், செவ்வியல் காலம், ரொமான்டிக் காலம். ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை பரோக். அதன் பிறகு 1820கள் வரை செவ்வியல். அதற்கு அடுத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ரொமான்டிக். தேர்வுக்காக இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால், ஒரு காலம் எப்படி மற்றொரு காலமாக மாறியது என்பதை அட்டவணை சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். பரோக் இசையைப் பாடமாகப் படித்து, செவ்வியல் இசையின் மேதையிடம் மாணவராக இருந்து, ரொமான்டிக் இசைக்கு வாசல் திறந்துவிட்டவர் அவர். அதிலும் பாதி வாழ்க்கையைச் செவித்திறன் குறைந்துகொண்டே போன நிலையில் கழித்தவர். அவர்தான் லுட்விக் வான் பீத்தோவன்.

பாக் இசையுடன் தொடங்கிய பாடம்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் பான் நகரில் பீத்தோவன் பிறந்தார். 1770ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி அவருக்குத் திருமுழுக்கு நடந்ததாகத் தேவாலயப் பதிவேடு காட்டுகிறது. தாத்தா பான் அரண்மனையின் இசைத் தலைவராக இருந்தவர். தந்தை யோகான் அதே அரண்மனையில் பாடகர். ஆனால், அவருக்கு மதுப்பழக்கம் இருந்தது. மகனை இன்னொரு மோட்சார்ட்டாக ஆக்கிப் பணம் ஈட்டலாம் என்ற ஆசையும் இருந்தது. 1778இல் கொலோன் நகரில் மகனை முதன்முதலாக மேடையேற்றியபோது, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயது என்று விளம்பரம் செய்தார்.

பீத்தோவனுக்கு நல்ல ஆசிரியராக வாய்த்தவர் கிறிஸ்டியான் நீஃபே. அரண்மனையில் ஆர்கன் வாசித்த அவர், வழக்கமான பயிற்சிகளோடு நிறுத்தவில்லை. யோகான் செபஸ்டியான் பாக் எழுதிய ஒரு பெரிய தொகுப்பை மாணவரிடம் கொடுத்தார். மேற்கத்திய இசையின் 24 சுருதி அமைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு முன்னிசையும் ஒரு ஃபியூகும் கொண்ட தொகுப்பு அது. அத்தகைய இரண்டு தொகுதிகளை பாக் எழுதியிருந்தார்.

பாக் 1750இல் இறந்துவிட்டார். பீத்தோவன் படித்த காலத்தில் பாக் இசை பழைய பாணியாகக் கருதப்பட்டது. அந்தத் தொகுப்பு முழுமையாக அச்சேறியதே 1801இல்தான். அதுவரை ஆசிரியரும் மாணவரும் கையால் படியெடுத்தே அதைக் காப்பாற்றி வந்தனர். அத்தகைய இசையைப் பீத்தோவன் 12 வயதுக்குள் திறமையாக வாசித்தார்.

அதில் அவர் என்ன கற்றார்? ஃபியூக் என்பது பரோக் இசையின் தனிச்சிறப்பு. முதலில் ஒரு குரல் தனியாக ஒரு மெட்டைத் தொடங்கும். சற்று நேரத்தில் இரண்டாவது குரல் அதே மெட்டுடன் வேறு சுரத்தில் நுழையும். பிறகு மூன்றாவது, நான்காவது. எல்லாக் குரல்களும் ஒரே நேரத்தில் ஓடும். எதுவும் மற்றொன்றுக்குத் துணை அல்ல, எல்லாமே சமம். பல மெட்டுகளை ஒன்றாகப் பின்னும் இந்த முறைதான் பரோக் இசையின் முதல் அடையாளம்.

இன்னும் சில அடையாளங்களும் உண்டு. மேலே மெட்டுகள் ஓட, கீழே செல்லோவும் ஹார்ப்சிகார்டும் சேர்ந்து அடித்தள இசையை இடைவிடாமல் தாங்கிப் பிடிக்கும். ஒரு பகுதி முழுவதும் பெரும்பாலும் ஒரே உணர்ச்சி நிலவும். மகிழ்ச்சியில் தொடங்கினால் மகிழ்ச்சியிலேயே முடியும். ஹார்ப்சிகார்ட் கம்பியைச் சுண்டி ஒலி எழுப்பும் கருவி. விசையை மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. அதனால் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டுவது அந்தக் கருவியில் இயலாது.

இசை வளர்ந்த அதே வீட்டில் துயரமும் வளர்ந்தது. 1787இல் தாயார் காசநோயால் இறந்தார். தந்தையின் குடிப்பழக்கம் முற்றியது. 1789இல் தந்தையின் சம்பளத்தில் பாதியைத் தம்மிடம் தரும்படி அரண்மனைக்கு விண்ணப்பித்து, தம்பிகள் இருவரையும் காக்கும் பொறுப்பைப் பீத்தோவன் ஏற்றார். அப்போது அவருக்கு வயது 18. அரண்மனை இசைக்குழுவில் வியோலா வாசித்துக்கொண்டே குடும்பத்தைத் தாங்கினார்.

ஹைடனின் மாணவர்

1792ஆம் ஆண்டு நவம்பரில், 21 வயதுப் பீத்தோவன் வியன்னாவுக்குப் புறப்பட்டார். ஐரோப்பாவின் இசைத் தலைநகரம் அது. மோட்சார்ட் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மற்றொரு மேதையான யோசஃப் ஹைடன் புகழின் உச்சியில் இருந்தார். அவரே பீத்தோவனை மாணவராக ஏற்றுக்கொண்டார்.

செவ்வியல் இசையின் இலக்கணத்தை வகுத்தவர்களில் ஹைடன் முதன்மையானவர். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை எழுதியவர். பரோக் இசையில் பல மெட்டுகள் பின்னிப் பிணைந்தன என்றால், செவ்வியல் இசையில் ஒரு தெளிவான மெட்டு முன்னே நிற்கும். மற்றவை அதற்குத் துணையாக வரும். கேள்வியும் பதிலும்போல மெட்டின் இரு பாதிகள் சமமாக அமையும். கேட்பவர் எளிதில் பின்தொடரலாம்.

சொனாட்டா வடிவம் என்ற அமைப்பும் இக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. அதை ஒரு பயணமாக நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில், தன்மையில் வேறுபட்ட கருப்பொருள்கள் அறிமுகமாகின்றன. நடுப்பகுதியில் அவை உடைந்து, உருமாறி, வேறு சுருதிகளில் அலைகின்றன. இறுதியில் புறப்பட்ட சுருதிக்கே திரும்பி வருகின்றன. ஒரே பகுதிக்குள் உணர்ச்சி மாறலாம் என்பதும் இதனால் இயல்பாயிற்று. இதற்கு ஏற்ற கருவியாகப் பியானோவும் பரவியது. பியானோவில் சிறு சுத்தியல்கள் கம்பியைத் தட்டுகின்றன. விரலின் அழுத்தத்திற்கு ஏற்ப ஒலி கூடும், குறையும்.

ஹைடன் 1794இல் லண்டனுக்குச் சென்றபின், பீத்தோவன் ஆல்பிரெஷ்ட்ஸ்பெர்கர் என்ற ஆசிரியரிடம் சென்று, பல மெட்டுகளைப் பின்னும் கலையை மீண்டும் பயின்றார். சாலியேரியிடம் குரலிசை எழுதக் கற்றார். அந்நேரத்தில் அவர் வியன்னாவின் பிரபுக்கள் வீடுகளில் பியானோ வாசித்துப் பெரும் பெயர் பெற்றிருந்தார். பெயர் வந்த பிறகும் மாணவராக உட்கார அவர் தயங்கவில்லை.

1800ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி அவரது முதல் சிம்பொனி அரங்கேறியது. நான்கு பகுதிகள், தெளிவான மெட்டுகள், அளவான நீளம் என்று அனைத்தும் ஹைடனின் வழியிலேயே இருந்தன. ஆனால், முதல் ஒலியிலேயே ஒரு குறும்பு இருந்தது. இசை எந்தச் சுருதியில் அமைந்திருக்கிறதோ அதை அறிவித்துத் தொடங்குவது வழக்கம். பீத்தோவனோ வேறொரு சுருதியை நோக்கிச் சாயும் ஒலியுடன் தொடங்கினார். விதியை நன்கு அறிந்தவருக்கு மட்டுமே அதை எங்கே வளைக்கலாம் என்று தெரியும்.

அனுப்பப்படாத கடிதம்

அந்த வெற்றிக்குப் பின்னால் ஓர் அச்சம் மறைந்திருந்தது. 1798ஆம் ஆண்டு வாக்கில் அவரது காதுகளில் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. உயர்ந்த சுரங்கள் மங்கின. இசைக் கலைஞர் ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்று ஊர் அறிந்தால் பிழைப்பு என்னாகும்? அவர் மூன்று ஆண்டுகள் மறைத்தார். கூட்டங்களைத் தவிர்த்தார். 1801இல்தான் நெருங்கிய நண்பர்கள் சிலருக்கு மட்டும் கடிதம் வழியாகத் தெரிவித்தார்.

மருத்துவர் அறிவுரைப்படி 1802இல் வியன்னாவுக்கு வெளியே ஹைலிகன்ஷ்டாட் என்ற அமைதியான கிராமத்தில் சில மாதங்கள் தங்கினார். ஓய்வு பலன் தரவில்லை. அக்டோபரில் தம்பிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பக்கத்தில் நிற்பவருக்குத் தொலைவில் ஒலிக்கும் குழலோசை கேட்க, தமக்கு எதுவும் கேட்காமல் போன அவமானத்தை அதில் விவரித்தார். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றியதையும், தமக்குள் இருக்கும் இசையை முழுவதும் வெளிக்கொணராமல் போகக்கூடாது என்ற எண்ணமே தம்மைத் தடுத்ததையும் எழுதினார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் தம்மிடமே வைத்திருந்தார். இறந்த பிறகு அவரது தாள்களுக்கு இடையே அது கிடைத்தது. அப்போது 31 வயதாக இருந்த அவர் வியன்னாவுக்குத் திரும்பி, வேலையைத் தொடர்ந்தார்.

வடிவத்தை விரித்த சிம்பொனி

அடுத்து அவர் எழுதியது ‘எரோய்கா’ எனப்படும் மூன்றாவது சிம்பொனி. 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி அது வியன்னாவில் பொதுமக்களுக்காக அரங்கேறியது. அக்காலத்துச் சிம்பொனிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். இதுவோ ஏறத்தாழ 50 நிமிடம். இரண்டாவது பகுதி ஓர் இறுதி ஊர்வல இசை. வழக்கமாக இரண்டு ஹார்ன் கருவிகள் இருக்கும் இடத்தில் மூன்று இருந்தன. கேட்டவர்களில் சிலர் வியந்தனர், சிலர் நீளம் தாங்காமல் சலித்தனர்.

முதலில் இந்தச் சிம்பொனியை நெப்போலியனின் பெயரில் எழுத அவர் நினைத்திருந்தார். நெப்போலியன் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டதும் கோபமடைந்து அந்தப் பெயரை அழித்தார். அழித்த வேகத்தில் தாள் கிழிந்து ஓட்டை விழுந்த முகப்புப் பக்கம் இன்றும் வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எரோய்காவில் பீத்தோவன் சொனாட்டா வடிவத்தை எறிந்துவிடவில்லை. ஹைடனிடம் கற்ற அதே வடிவத்தை எடுத்து, அதன் நடுப்பகுதியை மிகப் பெரிதாக விரித்தார். அலைச்சல் நீண்டதால் திரும்பி வருவது ஒரு பெரும் வெற்றியாக ஒலித்தது. பழைய வீட்டின் தூண்களை இடிக்காமல் மாடி மேல் மாடி கட்டியது போன்ற வேலை அது.

1808ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, குளிர் நிறைந்த அரங்கில் சுமார் நான்கு மணி நேரம் அவரது இசை நிகழ்ச்சி நடந்தது. ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகள் இரண்டும் அன்றுதான் அரங்கேறின. ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். மூன்று குறுகிய ஒலிகள், ஒரு நீண்ட ஒலி. இவ்வளவு சிறிய கருவை வைத்துக்கொண்டு முதல் பகுதி முழுவதையும் அவர் கட்டினார். இருண்ட சுருதியில் தொடங்கும் சிம்பொனி ஒளிமிக்க சுருதியில் முடிகிறது. அந்த இறுதிப் பகுதிக்காகச் சிம்பொனியில் அதுவரை அரிதாகவே ஒலித்த ட்ரொம்போன்களையும் பிக்கலோவையும் சேர்த்தார். ஆறாவது சிம்பொனியிலோ ஓடையும் பறவைகளும் புயலும் இசையாகின்றன.

இவை எல்லாமே ரொமான்டிக் காலத்தின் அடையாளங்கள். தனிமனிதரின் உணர்ச்சி இசையின் மையமாகும். இயற்கையும் கதையும் இசைக்குள் வரும். படைப்புகள் நீளும், இசைக்குழு பெருக்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே உள்ள தூரம் கூடும். கருவிகளும் இதற்கு ஈடுகொடுத்தன. மோட்சார்ட் வாசித்த பியானோ ஐந்து எண்மங்கள் கொண்டது. 1818இல் லண்டன் பிராட்வுட் நிறுவனத்திடமிருந்து பீத்தோவனுக்குப் பரிசாக வந்து சேர்ந்த பியானோவில் ஆறு எண்மங்கள் இருந்தன.

இசைக் கலைஞரின் நிலையும் மாறியது. ஹைடன் பிரபு ஒருவரின் மாளிகையில் சீருடை அணிந்து பணியாற்றியவர். பீத்தோவன் வியன்னாவில் யாருக்கும் ஊழியராக இருக்கவில்லை. 1809இல் பிரபுக்கள் மூவர் அவருக்கு ஆண்டுத் தொகை தர ஒப்பந்தம் செய்தனர். அதற்கு ஈடாக அவர்கள் கேட்டது, அவர் வியன்னாவை விட்டுப் போகக்கூடாது என்பது மட்டுமே.

எழுதி எழுதித் திருத்தியவர்

மேதைகளுக்கு எல்லாம் எளிதாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறோம். பீத்தோவன் விட்டுச்சென்ற குறிப்பேடுகளைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். ஆயிரக்கணக்கான பக்கங்களில் மெட்டுகளை எழுதி, அடித்து, மீண்டும் எழுதியிருக்கிறார். ‘ஃபிடேலியோ’ அவர் எழுதிய ஒரே இசை நாடகம். 1805, 1806, 1814 ஆகிய ஆண்டுகளில் மூன்று வடிவங்களில் அது மேடையேறியது. அதன் தொடக்க இசையை மட்டும் நான்கு முறை எழுதினார்.

தாளில் எழுதி, மனத்தில் கேட்டு, திருத்தும் இந்தப் பழக்கம் பின்னாளில் அவரைக் காப்பாற்றியது. செவித்திறன் மேலும் குறைந்ததால் 1814க்குப் பின் மேடையில் பியானோ வாசிப்பதை அவர் ஏறத்தாழ நிறுத்திவிட்டார். 1818 முதல் பார்க்க வருபவர்கள் சொல்ல வேண்டியதை ஒரு கையேட்டில் எழுதிக் காட்டினர். ஆனால், சிறுவயது முதல் நாள்தோறும் பயிற்சி பெற்ற உள்ளக்காது அவரிடம் இருந்தது. எந்தச் சுரத்துடன் எந்தச் சுரம் சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் தாளைப் பார்த்தே கேட்டார்.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். முன்கோபம் மிகுந்தவர். தம்பி இறந்தபின் தம்பி மகனை வளர்க்கும் உரிமைக்காக, பையனின் தாயுடன் பல ஆண்டுகள் வழக்காடினார். அது அனைவரையும் காயப்படுத்தியது. அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய இசையும் குறைவு.

கைத்தட்டல் கேட்காத வெற்றி

1824ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, ஒன்பதாவது சிம்பொனி வியன்னாவில் அரங்கேறியது. பீத்தோவனுக்கு அப்போது வயது 53. இசைக்குழுவை நடத்தியவர் உம்லாஃப் என்ற இசைத் தலைவர். பீத்தோவன் அவர் அருகே நின்று தாளத்தைக் காட்டினார். பார்வையாளர்கள் ஆரவாரம் செய்தபோது பீத்தோவனுக்கு அது கேட்கவில்லை. அவர் இசைக்குழுவைப் பார்த்தபடியே நின்றார். பாடகி கரோலினே உங்கர் அவரைப் பார்வையாளர்கள் பக்கம் திருப்பினார். கைத்தட்டலைக் கண்ணால் கண்டு அவர் தலைவணங்கினார்.

கருவிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த சிம்பொனிக்குள் பாடகர்களையும் சேர்ந்திசைக் குழுவையும் அவர் கொண்டுவந்தார். மனிதர் எல்லாரும் உடன்பிறப்புகள் என்று சொல்லும் ஷில்லர் என்ற ஜெர்மானியக் கவிஞரின் பாடல் நான்காவது பகுதியில் ஒலிக்கிறது. அதன் மெட்டு மிக எளியது. அடுத்தடுத்த சுரங்களில் நடந்து போவதுபோல் அமைந்தது. பள்ளி மாணவர்களும் பாடிவிடலாம்.

அந்த ஒரே பகுதிக்குள் மூன்று காலங்களும் இருக்கின்றன. செவ்வியல் பாணியின் தெளிவான மெட்டு இருக்கிறது. ரொமான்டிக் காலத்துக்குரிய மாபெரும் இசைக்குழுவும் பொங்கும் உணர்ச்சியும் இருக்கின்றன. நடுவே இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் பின்னிக்கொள்ளும் ஃபியூக் வருகிறது. சிறுவயதில் பாக் தொகுப்பில் விரல்கள் பழகிய அதே கலை அது.

கடைசி ஆண்டுகளில் அவர் நால்வர் வாசிக்கும் தந்தி இசைப் படைப்புகளில் மூழ்கினார். அவற்றுள் ஒன்றுக்கு ‘பெரும் ஃபியூக்’ என்ற இறுதிப் பகுதியை எழுதினார். பாக் காலத்து வடிவத்தில் இருந்தாலும், அதன் கடுமையும் வேகமும் 1826இல் கேட்டவர்களைத் திகைக்க வைத்தன. பதிப்பாளரின் வேண்டுகோளை ஏற்று வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார். பெரும் ஃபியூக் தனி நூலாக வெளிவந்தது. அது இன்றும் புதிதாகவே ஒலிக்கிறது.

1827ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, 56ஆம் வயதில் பீத்தோவன் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடினர். தீப்பந்தம் ஏந்திச் சென்றவர்களில் இளம் இசையமைப்பாளர் ஷூபர்ட்டும் ஒருவர். இரண்டு ஆண்டுகளில், 20 வயது மெண்டல்சன் பாக் எழுதிய ஒரு பெரும் படைப்பை பெர்லினில் மீண்டும் மேடையேற்றினார். 1830இல் பெர்லியோஸ் ஒரு கதையையே சிம்பொனியாக்கினார். பிராம்ஸ், பீத்தோவனுக்குப் பின் சிம்பொனி எழுத அஞ்சி, முதல் சிம்பொனியை 43ஆம் வயதில்தான் வெளியிட்டார். ஒன்பதாவது சிம்பொனியின் மெட்டு இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் கீதம்.

நீங்களே கேட்டுப் பாருங்கள்

இந்த வாரம் நான்கு படைப்புகளை வரிசையாகக் கேளுங்கள்: பாக் எழுதிய ஏதேனும் ஒரு ஃபியூக், ஹைடனின் ஒரு சிம்பொனி, எரோய்காவின் முதல் பகுதி, ஒன்பதாவது சிம்பொனியின் இறுதிப் பகுதி. ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மெட்டுகள் ஓடுகின்றன? உணர்ச்சி ஒன்றாகவே இருக்கிறதா, மாறுகிறதா? ஒலி எவ்வளவு மெல்லியதாகவும் எவ்வளவு பெரியதாகவும் போகிறது?

விடைகளைக் குறித்து வையுங்கள். மூன்று காலங்களின் தன்மைகளும் அந்தக் குறிப்பிலேயே இருக்கும். பழையதை முழுமையாகக் கற்ற ஒருவர் அதிலிருந்து புதியதை எப்படி உருவாக்கினார் என்பதும் உங்கள் காதுக்கே தெரியும்.